நாலடி பின்னால்

“நாலடி பின்னால போய் வரை” என்று சொல்லி ஆசிரியர் என் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வடிவமைப்புப் படிப்பில் முதலாண்டு மாணவர்கள் எல்லாருக்கும் அந்த வாரம் ஒரே வேலை. அவரவர் வீட்டு முன்னறையை, ஒரே இடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிகிறபடி வரைய வேண்டும். தெரிந்ததை வரையக் கூடாது, தெரிவதைத்தான் வரைய வேண்டும்.

என் படத்தில் அம்மாவின் தையல் மெஷின் லாரி அளவுக்கு இருந்தது. ரொம்பக் கிட்டே நின்றதால் வந்த வினை.

பின்னால் போவதில் ஒரு சிக்கல். நான் நின்றதே வாசற்படியில்தான். அதற்குப் பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மூன்றடி நடை. நாலாவது அடி, எதிர் வீட்டுக்காரியின் சமையலறைக்குள், அடுப்பு மேடையோரம்.

எதிர் வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆறு வருடமாக இல்லை. அங்கே இருப்பவளுக்கு எங்கள் வீட்டில் பெயரும் கிடையாது. “எதிர் வீடு இருமுது” என்பாள் அம்மா. “எதிர் வீடு இன்னைக்கு லேட்டா எழுந்திருக்கு.”

தைத்த துணிகளைக் கொடுக்க அம்மா வெளியே போன நேரமாகப் பார்த்து, பலகையும் பென்சிலுமாக நடையைத் தாண்டினேன்.

எதிர் வீட்டுக்காரி என்னையும் பலகையையும் பார்த்தாள். புகை தாளில் படாமல் அடுப்பைத் தணித்தாள். ஒரு பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

ஒன்றரை மணி நேரம் அங்கே நின்றேன். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் அளந்து அளந்து வரைந்தேன். மெஷின் மெஷின் அளவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து படத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் என் தப்பு.

திரும்பி வந்தபோது அது அம்மா கையில் இருந்தது. அம்மாவுக்கு ஓவியமெல்லாம் தெரியாது. ஆனால் ஆளை நிற்க வைத்துக் கண்ணாலேயே தோள் அளவு சொல்லிவிடுவாள்.

“இது எங்க நின்னு வரைஞ்சது?”

“வாசல்லதான்.”

அம்மா வாசலில் போய் நின்று பார்த்தாள். படத்தில் சுவர்க் கடிகாரத்தின் விளிம்பு கதவு நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்றால் அது தொடவில்லை.

நூல்கண்டை எடுத்தாள். நுனியை என்னிடம் கொடுத்து, கடிகார விளிம்பில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். நூலை நிலையோடு ஒட்டி இழுத்தபடி பின்பக்கமாகவே நடந்தாள்.

வாசலைத் தாண்டினாள். நடையைத் தாண்டினாள். எதிர் வீட்டுச் சமையலறை வாசலில் குதிகால் இடித்தது. நின்றாள்.

படத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கிருந்து பார்க்க, படத்தில் இருப்பதைவிட மெஷின் இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும். இன்னும் ஓரடி பாக்கி.

சண்டை வரப்போகிறது என்று தெரிந்தது. நான் செய்வதற்கு எதுவும் இல்லாததால் நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்கா, கொஞ்சம் தள்ளு” என்றாள்.

கூடப் பிறந்தவளை அம்மா அப்படிக் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. பெரியம்மா தள்ளி நின்றாள்.

அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இங்கேர்ந்து நான் உக்கார்ற இடம் முழுசாத் தெரியுதே.”

“தெரியும்” என்றாள் பெரியம்மா. “பல நாள் மத்தியானம் நீ சாப்பிடாம தைக்கிறதும் தெரியும்.”