அந்த ஊர்க் குளிர்

கம்பளிக் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு போனை எடுத்தாள் ரூபா. வாயைத் திறந்ததும் மூச்சு வெள்ளைப் புகையாகத் திரையில் படர்ந்தது. பர்மாவில் மோல்மேன் ஊரில் இருக்கும் தனசேகரன் மாமாவுக்கு அதைப் பார்த்ததிலேயே பாதி திருப்தி.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? அந்த ஊருக் குளிரு உனக்கு ஒத்துக்காதுன்னு."

"ஒத்துக்கிச்சு மாமா. பல்லு மட்டும் கொஞ்சம் தந்தியடிக்குது."

பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்க இடம் கிடைத்த நாளிலிருந்து மாமா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வளர்ந்த பெண்ணுக்கு லண்டன் படிப்பு எதற்கு? பாஸ்போர்ட் தர மாட்டார்கள், தந்தாலும் விசா வராது, வந்தாலும் குளிர் விடாது. அப்பா இல்லாத வீட்டில் தன் சொல்தான் சட்டம் என்று அவரே முடிவு செய்து, மோல்மேனில் டயர் கடைக்காரர் மகனை மாப்பிள்ளையாகவும் பார்த்துவைத்திருந்தார்.

"எது வந்தாலும் வரலேன்னாலும் நான் படிக்கத்தான் போறேன்" என்று ரூபா ஒற்றைக் காலில் நின்றாள்.

"சரி, ஒரு டெர்ம் தாண்டிக் காட்டு. அப்புறம் நான் வாயே தொறக்கல. தாண்டலியா, தையில கல்யாணம்" என்றார் மாமா. அக்டோபரில் அவள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று அம்மா போனில் சொன்னபோது, "குளிரு வரட்டும், பாக்கலாம்" என்றார்.

இன்று அந்த டெர்முக்குக் கடைசி நாள். இன்னும் கால் மணி நேரத்தில் வாய்மொழித் தேர்வு.

"பின்னால என்ன ஒரே வெள்ளையா இருக்கு? ஸ்னோவா?"

ரூபா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். "ஐஸ்தான் மாமா."

"அந்த ஊருக் காலேஜு புள்ளைங்க எல்லாம் ஆத்துல படகு விடுதுங்களாமே. நீயும் போறியா?"

"தினம் ரெண்டு தரம். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"படிக்கிற புள்ளைக்கு அது எதுக்கு?" மாமா முகத்தைச் சுளித்தார். "இப்பிடி வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே. வேற எடம் இல்லியா?"

"இங்கதான் மாமா கரண்ட் போறதே இல்ல."

"அதாம்மா வெள்ளக்காரன் ஊரு" என்று பெருமூச்சு விட்டார் மாமா. மோல்மேனில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் வந்தால் அவருக்கு அன்று பண்டிகை. "பரீட்சையில வாயடைச்சு நின்னா மறைக்காம சொல்லிரு. டயர் கடைக்காரர் வெத்தல பாக்கோட காத்துக்கிட்டு இருக்கார்."

ரூபா போனைக் கவிழ்த்துவைத்தாள். ஆத்திரத்தில் ஒரு நிமிடம் குளிர்கூடத் தெரியவில்லை.

மடிக்கணினியில் பேராசிரியையின் முகமும் உடன் படிக்கும் ஆறு பேரின் முகங்களும் வரிசையாக வந்தன.

"ரூபா, இரண்டு முறை வகுப்பின் நடுவில் காணாமல் போனீர்கள்" என்றார் பேராசிரியை ஆங்கிலத்தில். "இன்றும் அப்படி நடந்தால் மதிப்பெண் கிடையாது."

"இன்று எங்கும் போக மாட்டேன்" என்றாள் ரூபா.

கொடுத்த வழக்கு இதுதான். வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். குடியிருந்தவள் முப்பது நாளாக உள்ளே வரவில்லை, ஆகவே அவளுக்கு அந்த வீட்டில் உரிமை போய்விட்டது என்கிறார். ரூபா குடியிருந்தவளுக்காகப் பேச வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் எழுதிவைத்ததைப் பேசினாள். பேராசிரியை மூன்று இடத்தில் மடக்கினார். மூன்றாவது தடவை ரூபா காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டாள்.

"கதவைப் பூட்டியவரே 'ஏன் உள்ளே வரவில்லை' என்று கேட்க முடியாது. அவள் பூட்டுக்கு வெளியே நின்றாள். மழையில் நின்றாள், குளிரில் நின்றாள். ஒரு நாள்கூட அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அது இன்னும் அவள் இடம்தான்."

குரல் குளிரில் நடுங்கியதா, கோபத்தில் நடுங்கியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேராசிரியை பேனாவை மூடினார். "தேறிவிட்டீர்கள். இந்த வகுப்பில் அதிக மதிப்பெண் உங்களுக்குத்தான். பல்கலைக்கழக வழக்காடும் குழுவுக்கும் உங்கள் பெயரைக் கொடுக்கிறேன். முதலில் போய்ச் சூடாக எதையாவது குடியுங்கள்."

ரூபாவுக்குக் கண் கலங்கியது. கையுறையைக் கழற்றி, மரத்துப்போன விரலால் மாமாவுக்குச் செய்தி அனுப்பினாள்: 'தாண்டிட்டேன் மாமா. டயர் கடைக்குச் சொல்லிருங்க.'

அனுப்பி முடிக்கவும், அவள் முதுகுக்குப் பின்னால் கனத்த இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வெக்கையும் மீன் கவிச்சியும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. மடித்துக் கட்டிய கைலியும் வேர்வை வழியும் முகமுமாக மேஸ்திரி பீர் முகைதீன் எட்டிப்பார்த்தார். பாஸ்போர்ட் வராத ரூபா தினம் அக்கரையிலிருந்து படகில் வந்து இங்கே உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தவர் அவர்தான்.

"க்யிம்யிண்டைங் பூரா கரண்ட் இல்ல. நம்ம ஐஸ் ரூம் ஜெனரேட்டர் ஒண்ணுதான் ஓடுது" என்றவர், மடிக்கணினியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லண்டன் முடிஞ்சுதுன்னா அந்த மீன் பெட்டிய எடும்மா."