கதவின் அடியில் ஒரு ஓட்டை

அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக்கு ஒரே ஒரு மனக்குறை. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர், அடியிலிருந்த சின்ன ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். நாலு பேர் பார்க்கச் சொட்டினால் யாருக்குத்தான் மானம் போகாது?

"இதை அடைச்சு விடு" என்று, ஓட்டை அடைக்கும் பட்டிப் பசையிடம் கேட்டது. பட்டி அடைத்தது. அதன்பிறகு ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. கதவின் கீழ்ப்பக்கம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தகடு வேலை பார்க்கும் டிங்கர் ஜெபராஜ் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். அது அப்படியே உள்ளே போய்விட்டது. துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"எந்த வழியா உள்ளே வந்தே?" என்று கதவு கத்தியது.

"நான் எங்கேயிருந்தும் வரலை. இங்கேயேதான் பிறந்தேன்" என்றது துரு.

ஜெபராஜ் அரித்த தகட்டை வெட்டியெடுத்துவிட்டு, புதுத் தகடு பற்றவைத்தார். பிறகு டிரில்லை எடுத்தார்.

"ஐயோ, மறுபடியும் ஓட்டையா?"

"உன்னைச் செஞ்சவங்களே போட்டதுதான். அதே இடத்துலதான் போடறேன்" என்றது டிரில்.

வண்டி வெளியே வந்த அன்றே மழை. கதவு சொட்டியது. பக்கத்தில் நின்ற கறுப்புக் காரின் கதவு முகம் சுளித்தது.

"இப்படி ஒழுகறியே! நான் அடைச்சு மூணு வருஷம் ஆச்சு. ஒரு சொட்டு விட்டதில்லை."

சிவப்புக் கதவு வாய் திறப்பதற்குள் கறுப்புக் கார் கிளம்பிவிட்டது. அது வளைவில் திரும்பியபோது, கதவுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.