பாகற்காயில் உப்பு

முப்பத்தொரு வயதிலும் அம்மாதான் எனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாள். சனிக்கிழமைகளில் ஆய்வகம் என்று சொல்லிவிட்டு நான் பூங்காவில் செந்தூரனோடு உட்கார்ந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. சென்ற வாரம் அப்பாவின் டப்பா என் பைக்குள் மாறி வந்துவிட்டது. திறந்தால் பாகற்காய் வறுவல். பிறந்ததிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. செந்தூரன் ஒரு துண்டு விடாமல் தின்றான், விரலையும் நக்கினான்.

மாலையில் அம்மா காலி டப்பாவை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாகற்காயில உப்பு சரியா இருந்துச்சாடி?"

"சரியா இருந்துச்சாம்."

சொன்ன பிறகுதான் அந்த ‘ஆம்’ என் காதில் விழுந்தது. அம்மா நிமிரவில்லை. டப்பாவில் தண்ணீர் பிடித்து, மெதுவாகக் குலுக்கி ஊற்றினாள். பிறகு குழாயை மூடிவிட்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"காரம் எப்படி இருந்துச்சாம்?"