பயப்பட ஒரு முகம்

தகரத்தைத் தடியால் அடிக்கிற சத்தம் மறுபடியும் கேட்டது. கரடியம்மாவுக்கு அந்த அடி தன் நெஞ்சிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

வனவிலங்கு மீட்பு மையத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாயில்லாத கரடிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். இப்போது அவளே அதன் கூண்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. போட்டது, மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமை மேடம். கூண்டின் முன் நின்று குட்டியை மிரட்டத் தகரம் அடிப்பதும் அவர்தான்.

"பச்சைப் பிள்ளையை இப்படியா விரட்டுவாங்க?" என்று வேன் டிரைவரிடம் பொரிந்தாள். "வந்த புதுசுல மடியில போட்டுக் கொஞ்சினதும் இதே மேடம்தான். எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன்னு கேள்வி மட்டும் குறைச்சல் இல்லை."

"அந்தக் கேள்வியாலதான்க்கா இது. போன தடவை காட்டுல விட்ட கரடி ஏன் செத்ததுன்னு விசாரிக்க ஊர் ஊரா போனாங்க. நான்தானே வண்டி ஓட்டினேன்."

"பசியில ஊருக்குள்ள வந்துச்சு, சுட்டுட்டாங்க. தெரிஞ்ச கதைதானே?"

"பசி இல்லையாம். துப்பாக்கியோட நின்ன ஆளைப் பார்த்ததும் ரெண்டு கால்ல எழுந்து, கையை நீட்டிக்கிட்டு அவன்கிட்டயே போச்சாம்."

அந்தக் கரடியும் அவள் வளர்த்ததுதான். புட்டியை எடுத்தால் அப்படித்தான் எழுந்து நிற்கும்.

நேரே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மனுஷங்களைப் பார்த்தா அது ஓடணும். புரிஞ்சுபோச்சு மேடம். நானே தகரம் அடிக்கிறேன். அந்த சாக்குல ஒரு தடவை பார்த்துக்கறேனே."

"வேண்டாம்மா."

"காட்டுல விடறப்பவாவது தூரத்துல நின்னு..."

"வேண்டாம்னா விட்டுடுங்க." மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல் நெஞ்சுக்காரி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு மேடம் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

குட்டியைக் காட்டுக்கு ஏற்றிப்போன அன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை. காலிக் கூண்டின் வைக்கோலைக் கூட்டுவதும், கூட்டியதையே மறுபடி கூட்டுவதுமாக இருந்தாள். அதன் வாசனை இன்னும் போகவில்லை. போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

வேன் திரும்பியதும் ஓடினாள். மேடம் இறங்கி, நசுங்கிய தகரத்தோடு உள்ளே போய்விட்டார்.

"திரும்பிப் பார்த்துச்சா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"இல்லைக்கா. கதவைத் திறந்ததும் மேடத்தைப் பார்த்துச்சு. அலறியடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம்."

அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"என்னை ஏன் கூட்டிட்டுப் போகலைன்னு நீயாவது கேட்டியா?"

"கேட்டேன்க்கா. 'பயப்படறதுக்கு அதுக்கு ஒரு முகம் வேணும், அது என் முகமா இருந்துட்டுப் போகட்டும். வளர்த்தவங்களையே பார்த்து அது மிரண்டு ஓடறதை அவங்க பார்க்க வேண்டாம்'னாங்க. சொல்லிட்டு வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க."