ஹரிதாவின் கழுத்துப் படை

“வேலைக்காரியை நிறுத்திட்டதா சொன்னீங்களே, அவங்க கையை யாராவது டாக்டர் பார்த்தாங்களா?” என்று கேட்டார் தோல் மருத்துவர் சாதனா.

“பார்க்கறதுக்கு என்ன இருக்கு டாக்டர்? விஜயராணி கையெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்தது. மனுஷாகிட்டேர்ந்து மனுஷாளுக்குத் தொத்தற பங்கஸ்னு முதல் லேப்ல எழுதியே குடுத்துட்டா. ஆத்துக்கு வெளியாள்னு வரது அவ ஒருத்திதான்” என்றாள் விசாலாக்ஷி.

எட்டு வயது மகள் ஹரிதாவின் கழுத்தில் வட்டம் வட்டமாய்ப் படை. இரண்டு மாதமாய் எந்தக் களிம்புக்கும் மசியாததால், மாதுங்காவிலிருந்து செம்பூர் வரை வந்து, சுரண்டிய தோலை டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள்.

விஜயராணியை நிறுத்திய காலை விசாலாக்ஷிக்கு நன்றாக நினைவிருந்தது. கணவர் ஜெயராமின் ஆபீஸ் டப்பாவில் இரண்டு கேரட்டை முழுசாக வைத்துக்கொண்டிருந்தாள். நறுக்காமல் வேண்டுமென்பது அவருடைய புதுப் பழக்கம். “நாளையிலேர்ந்து வராதே” என்றதும் விஜயராணி வாயைத் திறந்தாள், ஜெயராமைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

விசாலாக்ஷி அதோடு விடவில்லை. ‘விஜயராணிக்குத் தொத்து வியாதி, ஜாக்கிரதை’ என்று பில்டிங் வாட்ஸப் குரூப்பிலும் போட்டாள். அன்றைக்கே விஜயராணிக்கு மற்ற மூன்று வீட்டு வேலையும் போயிற்று.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். “மைக்ராஸ்கோப்ல இந்த ரெண்டு பங்கஸும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். முதல் லேப் அங்கதான் ஏமாந்துபோச்சு. டி.என்.ஏ.வைப் படிச்சாத்தான் எது எதுன்னு தெரியும். இது குதிரை மேல வளர்ற பங்கஸ், ரொம்ப அபூர்வம். குழந்தை குதிரை சவாரி ஏதாவது போனாளா?”

“மூணாவது மாடி டாக்டர்! எங்காத்துக்குப் பூனைகூட ஏறி வராது.”

“அப்போ குதிரைகிட்டப் போயிட்டு வந்த யாரோ குழந்தையைத் தொட்டிருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா திரும்பத் திரும்ப வரும்.”

விசாலாக்ஷி நேரே விஜயராணி வீட்டைத் தேடித் தாராவிக்குப் போனாள். மாதுங்காவில் இருந்து நடந்தே போகக்கூடிய இடம். பதினைந்து வருஷத்தில் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. இப்போது செய்த பாவம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று.

“வாங்கம்மா, உக்காருங்க. பாப்பாவுக்கு எப்படி இருக்கு?” என்றாள் விஜயராணி. வைது வரவேற்றிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது விசாலாக்ஷிக்கு.

“என்னை மன்னிச்சுடு. உன் மேல ஒரு தப்பும் இல்லை. வர வழியிலேயே குரூப்ல எழுதிட்டேன், பாரு. உன் கை...”

“அது பாத்திரம் தேய்க்கிற சோப்பும்மா. வேலை இல்லாம இருந்ததுல தானா ஆறிட்டு” என்று கையை நீட்டிக் காட்டினாள் விஜயராணி.

விசாலாக்ஷிக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்கே வந்துடு. ஆனா குழந்தைக்கு வந்தது குதிரைகிட்டேர்ந்து வர பங்கஸாம். எங்களுக்கு ஏது குதிரை? யாருன்னு தெரியலேன்னா மறுபடியும் வருமாம். எனக்குப் பைத்தியமே பிடிச்சுடும் போலிருக்கு.”

விஜயராணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“உனக்கு ஏதாவது தெரியுமா?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேம்மா.”

“நாலு வீட்டு வேலை போனப்போகூட வாயைத் திறக்கலையே! அப்படி யாருக்குப் பண்ணிக் குடுத்தே?”

விஜயராணி எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“நம்ம சாருக்குத்தாம்மா. ஆபீஸ் வேலை போயி ஆறு மாசமாச்சாம். எங்க சந்துக்குக் கல்யாண ஊர்வலம் வந்தப்போ, மாப்பிள்ளை ஏறின குதிரையைப் பிடிச்சிட்டு வந்தாவ.”