மார்பெலும்புக்குப் பின்னால்

எங்கள் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை இல்லாத வீடு அபூர்வம். ரோசினாவின் கழலை மட்டும் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சையே நெரித்தது. அந்தக் காலத்தில் ஆளை மயக்காமல், கழுத்தையும் மார்பையும் மட்டும் மரத்துப்போகச் செய்து அறுப்பார்கள். குரல் நரம்பு அறுபடவில்லை என்று தெரிய நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நர்ஸான நான் அவள் தலையைப் பிடித்திருந்தேன்.

"எதையாவது பேசும்மா," என்றார் டாக்டர் ஏஷ்லிமான்.

"என் வீட்டுக்காரரு குடிச்சா கழுத்தைத்தான் பிடிப்பாரு. போன வருஷம் பனிச்சரிவுல புதைஞ்சு போயிட்டாரு. பிடி விட்டுதுன்னு நினைச்சேன்."

டாக்டர் மார்பெலும்பின் மேல்பகுதியை உளியால் பிளந்து, மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டுக் கழலையை இழுத்தார். மேலே வந்தது மறுபடி உள்ளே போனது. ரத்தம் என் முகத்தில் அடித்தது.

"கீழேருந்து யாரோ இழுக்கறாங்க, சிஸ்டர்," என்றார் டாக்டர்.

நான் சிரிக்கவில்லை. ரோசினாவின் உதடு நீலமானது, பேச்சு நின்றது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் பிடுங்கி எடுத்தார். அவளுக்கு மூச்சு திரும்பியது.

கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடங்கள் கருநீலமாகக் கன்றியிருந்தன.

ரோசினா அதைப் பார்த்தாள். குரல் தெளிவாகவே இருந்தது.

"மன்னிச்சுக்கங்க டாக்டர். அவரு பிடிச்சா லேசுல விடமாட்டாரு."