இடது பக்கம் இழுக்கும் வண்டி

உறைந்த ஏரிமேல் ஓட்டும் எங்கள் மோட்டார் பனிவண்டியின் பின்னச்சைக் கழற்றித் தார்ப்பாயின் மேல் கிடத்தியிருந்தோம். சுற்றிலும் மூன்று பேர். என் வீட்டுக்காரர் லூசியான், அவர் தம்பி ஒவீலா, நான்.

குற்றவாளி அச்சா, லூசியானா என்பதுதான் வழக்கு.

போன குளிர்காலத்தில் ஏரி உறைந்ததிலிருந்து, எதிர்க்கரைக் கடைக்கு மாவு வாங்க அவரை அனுப்புவேன். வண்டி போய் நிற்பதோ இடது கரையில், ஃப்ளோரா வீட்டு வாசலில். ஃப்ளோரா புருஷனை இழந்தவள். மேப்பிள் பாகு ஊற்றி அவள் சுடும் கேக்குக்கு ஊரே மயங்கும். என் மாவு வந்து சேர இருட்டிவிடும்.

“நான் என்ன பண்ணட்டும் ஓடெத்? வண்டி கழுதை மாதிரி இடது பக்கமாவே இழுக்குது.”

மாதாகோயில் படியில் நின்று அவர் இப்படிச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இது பொய்யென்றால் வருகிற குளிர்காலம் முழுக்க வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மெய்யென்றால் அதே படியில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது, கண்ணுகளா. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று இரண்டே கைப்பிடிகள். எதை இழுக்கிறோமோ அச்சில் அந்தப் பக்கம் இருக்கும் டிரம்மை பிரேக் கவ்வும். வண்டியும் அந்தப் பக்கம் திரும்பும்.

ஒவீலா என் பின்னல் நூலை வாங்கி ஒரு டிரம்மைச் சுற்றி அளந்து வெட்டினான். அதே துண்டை மற்ற டிரம்மில் சுற்றினான். நூல் எட்டவில்லை.

“அண்ணி! இது ஜோடியே இல்ல. வேற ஏதோ வண்டியோடது. பெருசா இருக்கு, பிரேக் எப்பவும் உரசிக்கிட்டே கிடக்கும். வண்டி எப்படி நேராப் போகும்?”

லூசியான் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார்.

“பாத்தியாடி! என்ன பேச்சுப் பேசின!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஒன்றும் செய்யாத மனுஷனை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

ஒவீலாவுக்கு இரும்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுதாண்ணே புரியல. பெருசா இருக்கிறது வலது டிரம். அப்போ இது வலது பக்கமாத்தானே இழுத்திருக்கணும்?”

லூசியான் குனிந்து தொப்பியைத் தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார்.

அப்போதுதான் அவருடைய இடது தோள் என் ஞாபகத்துக்கு வந்தது. போன குளிர்காலம் முழுக்க, “வயசாயிடுச்சு ஓடெத்” என்று அவர் முனக முனக, கற்பூரத் தைலம் சூடாக்கி அதைத் தேய்த்துவிட்டவள் நான்தான்.